எலும்புக்குத் தனிக் குண்டான்

பாப்பா,

போனை டொக்கென்று வைத்துவிட்டால் பேச்சு முடிந்துவிடும் என்று உனக்கு யார் சொன்னது? முந்தாநாள் நான் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டு நிற்கிறேன். உன் அம்மா பூண்டு உரித்துக்கொண்டே, "அவ எப்பவோ வச்சிட்டா. நீ யார்கிட்ட பேசிகினு கீற?" என்கிறாள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். கடிதத்தில் நான் பேசும்போது நீ குறுக்கே பேச முடியாது, அது ஒன்றுதான் எனக்கு ஆறுதல்.

நீ சொன்னதை அப்படியே எழுதிவிடுகிறேன், பிறகு நான் அப்படிச் சொல்லவில்லை என்று சாதிக்காதே. "நைனா, தாத்தா எலும்பு கெடங்குல மூட்ட தூக்குனாருன்னு கல்மண்டபத்துல போய் சொல்லிட்டு அப்பால தேதி வையி. சொல்லாம வச்சன்னா நான் பூனாவுல ரயிலேற மாட்டேன்." இது பெண் பேசுகிற பேச்சா? வந்த மாப்பிள்ளைகளையெல்லாம் தட்டிக் கழித்துவிட்டு, இந்தப் பையனைப் பார்த்துத்தான் முதன்முதலாகச் "செரி" என்று சொன்னாய். அதுவும் சிரித்துக்கொண்டு சொன்னாய். அந்தச் சிரிப்பைப் பார்த்து உன் அம்மா அன்றைக்கே தெருவெல்லாம் பாயசம் கொடுத்துவிட்டாள். பையன் எண்ணூரில் நல்ல வேலையில் இருக்கிறான், அவன் அப்பா ரயில்வேயில் ரிடையர் ஆனவர், கல்மண்டபத்தில் சொந்த வீடு. இப்படி ஓர் இடம் கைக்கு வந்திருக்கும்போது, செத்துப்போன மனிதரின் மூட்டையை எடுத்துக்கொண்டுபோய் அவர்கள் கூடத்தில் இறக்கச் சொல்கிறாய். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான் உன்னைப் படிக்கவைத்த கதை.

பேங்க் பரீட்சை எழுது என்றேன். எழுதினாயா? வரலாறு படிக்கிறேன் என்றாய், சரி என்றேன். ராஜா, கோட்டை என்று ஏதாவது படிப்பாய், டீச்சர் ஆவாய் என்று நினைத்தேன். நீ ராஜாவுக்கும் முன்னால் போனாய், கோட்டைக்கும் முன்னால் போனாய், துணிக்கும் முன்னால் போனாய். எனக்குப் புரிந்தவரை பூனாவில் நீ படிக்கிற படிப்பு இதுதான்: அந்தக் காலத்து மனிதர்கள் மிருகத்தின் கால் எலும்பைக் கல்லால் உடைத்து உள்ளேயிருக்கும் மஜ்ஜையைத் தின்றார்கள். மிஞ்சிய சில்லைப் பாறையில் தேய்த்துக் கூராக்கினார்கள். அதை வைத்துத் தோலில் ஓட்டை போட்டார்கள், கிழங்கு தோண்டினார்கள், ஊசி செய்தார்கள். கர்னூல் பக்கத்துக் குகைகளில் அப்படிப்பட்ட எலும்புகள் கிடைத்திருக்கின்றன. அதில் எது மனிதன் செய்தது, எது நரி கடித்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்காக நீ புதிதாக ஓர் எலும்பை வாங்கி, அவர்கள் செய்தமாதிரியே தேய்த்து, தோலைக் குத்திக் குத்தி, அதன் முனை எப்படி மழுங்குகிறது, எங்கே பளபளப்பு ஏறுகிறது என்று பூதக்கண்ணாடியில் பார்க்கிறாய். பார்த்துவிட்டுப் பழையதோடு ஒப்பிடுகிறாய். சரியாகத்தானே சொன்னேன்? நான் காது கொடுத்துக் கேட்பதேயில்லை என்று உன் அம்மாவிடம் இனிமேல் புகார் சொல்லாதே.

ஆனால் அந்த ஆராய்ச்சியை இட்லி குண்டானில் செய்ய வேண்டும் என்று எந்தக் குகையில் எழுதியிருந்தது? நீ லீவுக்கு வந்திருந்தபோது ஒருநாள் எனக்குச் சளி பிடித்திருந்தது. ஹார்பரில் நைட் ஷிப்ட் முடித்து, ஈரக் காற்றில் நின்று சரக்குக் கணக்கு எழுதிவிட்டு, தலைவலியோடு வீட்டுக்கு வந்தேன். அடுப்பில் குண்டான் கொதித்துக்கொண்டிருந்தது, மூடியைத் திறந்தால் கால் எலும்பு மிதக்கிறது. அடடா, நைனாவுக்குச் சளி என்று பெண் சூப் வைத்திருக்கிறாளே என்று நெஞ்சு குளிர்ந்து, டம்ளரில் ஊற்றி, உப்பும் மிளகும் போட்டு, ஊதி ஊதிக் குடித்தேன். பாதி டம்ளர் உள்ளே போன பிறகு நீ வந்து, "அய்யோ நைனா, அது என்னோட ஸ்பெசிமன்!" என்றாய். எலும்பைச் சுத்தம் செய்கிற சலவை சோடாவை இன்னும் போடவில்லை, அதனால் தப்பித்தேன் என்றும் சொன்னாய். எலும்பு நாற்றத்தை ஒரு மைல் தூரத்தில் பிடிக்கிற மூக்கு என்னுடையது. அந்த மூக்கு அடைத்திருந்த ஒரே நாளில் என்னை எலும்புத் தண்ணீர் குடிக்க வைத்தவள் நீ.

மொட்டை மாடியைப் பற்றி நான் பேசவே கூடாது என்றுதான் இருந்தேன். இந்தக் கட்டடத்தில் நாலு குடித்தனத்துக்கும் ஒரே துவைக்கிற கல். அந்தக் கல்தான் சொரசொரப்பு சரியாக இருக்கிறது என்று நீ அதில் தண்ணீர் ஊற்றி எலும்பைத் தேய்த்தாய். பக்கத்து வீட்டு அம்மாள் கார்த்திகை விரதத்துக்குப் புடவை துவைக்கப் போய்ப் பார்த்துவிட்டு, "இன்னா சார், டீசன்டான வூடுன்னு நெனச்சேன், தொவைக்கிற கல்லுல மாட்டெலும்ப தேச்சி வச்சிக்கீறா ஒங்க பொண்ணு!" என்று மாடியிலிருந்து தெருவுக்குக் கேட்கிறமாதிரி கத்தினாள். நான் பினாயிலும் பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு போய் அந்தக் கல்லைக் கழுவினேன். கழுவி முடிப்பதற்குள் காக்காய் ஒரு துண்டைத் தூக்கிக்கொண்டுபோய் அதே அம்மாளின் வடாகத்தின் மேல் போட்டது. இதற்கெல்லாம் நீ என்ன செய்தாய்? காக்காய் அலகு பட்ட எலும்பில் என்ன தழும்பு விழுகிறது என்று எழுதி வைத்துக்கொண்டாய்.

நீ சிரிப்பாய். உனக்கு எலும்பு என்றால் வெள்ளையாக, சுத்தமாக, பஞ்சு வைத்த டப்பாவில் இருக்கிற பொருள். எனக்கு அப்படியில்லை, பாப்பா. கொருக்குப்பேட்டையில் கூட்ஸ் யார்டுக்குப் பின்னால் அந்தக் கிடங்கு இருந்தது. எங்கெங்கோ செத்த மாட்டின் எலும்பெல்லாம் மூட்டை மூட்டையாக அங்கே வந்து இறங்கும். அரைத்து எருவுக்கு அனுப்புவார்கள், கோந்து காய்ச்ச அனுப்புவார்கள். மேலே எப்போதும் பருந்து சுற்றும். உன் தாத்தா அந்த மூட்டைகளை வேகனிலிருந்து இறக்குவார். வேலை முடிந்து வந்ததும் வீட்டுக்குள் நுழையமாட்டார். வாசலில் அவருக்கென்று ஒரு பக்கெட், ஒரு கயிறு, ஒரு லுங்கி. தெருக்குழாயில் தலையிலிருந்து கால்வரை தேய்த்துக் குளித்து, வேலைத் துணியை வெளியிலேயே அலசிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். அப்படியும் அது போகாது. அது சோப்புக்குப் போகிற நாற்றமல்ல.

ஒருநாள் நல்ல மழை. ராயபுரத்தில் எனக்குப் பரீட்சை. குடை இல்லை, அதனால் வேலைக்குப் போவதற்கு முன்னால் என்னைக் கொண்டுபோய் விட என்னோடு பஸ்ஸில் ஏறினார். ஈரத்தில் அந்த நாற்றம் இன்னும் கிளம்பும். கண்டக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "யோவ், எலும்பு கெடங்கா? எறங்கு எறங்கு, வண்டியே கலீஜ் ஆவுது" என்றான். நின்றிருந்தவர்கள் விலகி அவர் இறங்க வழிவிட்டார்கள். உன் தாத்தா சண்டை போடவில்லை. என் தோளில் கைவைத்து, "நீ போ நைனா, இஸ்கோலுக்கு டைம் ஆவுது" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன், மழையில் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். அதற்குப் பிறகு சாகிறவரை அவர் பஸ்ஸில் ஏறியதில்லை. ஆஸ்பத்திரிக்கும் நடந்தார், சொந்தக்காரர் கல்யாணத்துக்கும் நடந்தார். அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை. அந்தக் கோபத்தில்தான் படித்தேன், அந்தக் கோபத்தில்தான் ஹார்பர் வேலைக்குப் போனேன். எங்களை யாருக்கும் தெரியாத திருவொற்றியூருக்கு வீடு மாற்றியதும் அதே கோபத்தில்தான். தினமும் பினாயில் போட்டுத் துடைக்கிறேன், காலையிலும் மாலையிலும் ஊதுபத்தி. "நைனா, நாத்தம் போவல, பினாயில் நாத்தமா மாறிகீது" என்று நீ கேலி செய்தாய். நான் இவ்வளவு தூரம் துடைத்துவிட்டு வந்த எலும்பை நீ கோணிப்பையில் கட்டி நடுவீட்டுக்குள் கொண்டுவந்தால் எனக்கு எப்படி இருக்கும் என்று ஒரு நாளாவது யோசித்தாயா?

பெண் பார்க்க வந்த நாளைக்கு வருகிறேன். எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. பஜ்ஜி நன்றாக இருந்தது, கேசரியில் முந்திரி இருந்தது, நீ பட்டுப்புடவையில் அடக்கமாக உட்கார்ந்திருந்தாய். எனக்கே ஆச்சரியம். மாடியில் இருந்த எலும்பையெல்லாம் முந்தின நாளே டிரம்மில் போட்டு மூடிவிட்டேன். அவர்கள் கிளம்பி வாசலுக்கு வந்தபோதுதான் மாப்பிள்ளையின் அம்மா செருப்பில் காலை விட்டார்கள், வார் அறுந்தது. ஏறி வரும்போதே பாதி அறுந்திருந்ததாம். என் செருப்பைப் போட்டுக்கொள்ளச் சொல்லலாம், உன் அம்மாவுடையதைக் கொடுக்கலாம், ஆட்டோ கூப்பிடலாம். இதெல்லாம் நான் யோசித்து முடிப்பதற்குள் நீ, "குடுங்க அத்தே" என்று அந்தச் செருப்பைக் கையில் வாங்கிவிட்டாய். பட்டுப்புடவையைச் செருகிக்கொண்டு படியில் உட்கார்ந்தாய். உன் ஹேண்ட்பேகிலிருந்து அந்த எலும்புக் குத்தூசியை எடுத்தாய். பெண் பார்க்க வருகிற நாளில் ஹேண்ட்பேகில் அதை ஏன் வைத்திருந்தாய் என்று நான் இன்னும் கேட்கவில்லை. ஒரே குத்து, வாரில் ஓட்டை. இன்னொரு குத்து. வலை பின்னுகிற நைலான் நூலைக் கோத்து இழுத்து முடிச்சுப் போட்டாய். மாப்பிள்ளை வாயைப் பிளந்துகொண்டு பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த அம்மாள் குனிந்து பார்த்தார்கள். "இன்னாமா ஊசி இது, வெள்ளையா கீது?"

"எலும்பு அத்தே. மாட்டு எலும்பு. நானே தேச்சது."

அவர்கள் அதைக் கையில் வாங்கி, முனையைக் கட்டைவிரலில் வைத்துப் பார்த்தார்கள், மோந்தும் பார்த்தார்கள். அவர்கள் மூக்கருகில் அது போனபோது எனக்கு உயிரே இல்லை. "ஸோக்கா கீதே. யாரு கத்துக் குட்தாங்க?" என்று கேட்டார்கள். நீ என்னைப் பார்த்தாய். நான்தான், "காலேஜ்லமா. எல்லாம் காலேஜ்ல" என்றேன்.

இதில் என்ன பொய் இருக்கிறது? காலேஜில்தானே கற்றுக்கொண்டாய்? உன் தாத்தாவா குத்தூசி செய்யச் சொல்லிக் கொடுத்தார்? அவருக்கு எலும்பைச் சுமக்கத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் அவர்கள் போனதும் நீ பட்டுப்புடவையோடு மாடிக்குப் போய் என்னோடு சண்டை போட்டாய். எண்ணூரில் கடலில் விழுகிறதே கொசஸ்தலை ஆறு, அதன் மேல்பக்கத்தில் ஆதிமனிதர்கள் இருந்தார்கள் என்றாய். "அவங்க கல்லும் வச்சிருந்தாங்க, எலும்பும் வச்சிருந்திருப்பாங்க நைனா. கல்லு நின்னுச்சு, எலும்பு அந்த மண்ணுல மக்கிப் போச்சு. அதனால கற்காலம்னு பேர் வச்சிட்டாங்க. மக்கிப் போச்சின்னா இல்லேன்னு ஆயிடுமா? தாத்தாவயும் அப்டித்தான் நீ மக்க வக்கிற" என்றாய். நன்றாகத்தான் பேசுகிறாய். ஆனால் ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். ஆதிமனிதனுக்கு பஸ் கண்டக்டர் கிடையாது. ஆதிமனிதன் தன் பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடி ரயில்வே குடும்பத்துக்குப் போனதில்லை. எலும்பு கையிலிருப்பது அவனுக்குச் சாமர்த்தியம், உன் தாத்தாவுக்கு அவமானம். இரண்டும் ஒன்று என்று நீ எந்தப் பூதக்கண்ணாடியில் பார்த்தாய்?

இதையெல்லாம் போனில் சொல்லலாம் என்றுதான் இருந்தேன், நீ வைத்துவிட்டாய். உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "அவ கேக்கறதுல இன்னா தப்பு? நாளைக்கி கொருக்குப்பேட்டைலேர்ந்து ஒருத்தன் கல்யாணத்துக்கு வந்து, எலும்பு கெடங்கு நைனா பேத்தியான்னு கேட்டா அப்ப இன்னா செய்வ? முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்கிற" என்றாள். அப்படியென்றால் நீயும் கூட வா என்றேன். "ஒங்கப்பன் செஞ்ச வேலைய நீ சொல்லு. நான் எதுக்கு?" என்று பூண்டுத் தோலை ஊதிவிட்டாள். தாயும் பெண்ணும் ஒரே அச்சு.

போனேன். நேற்று காலையில் கல்மண்டபத்துக்குப் போனேன். வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று மனப்பாடம் செய்துகொண்டு போனேன். போய் உட்கார்ந்ததும் மின்விசிறியைப் போட்டார்கள், காபி கொடுத்தார்கள், மீன் விலையைப் பற்றிப் பேசினோம், ரயில்வே பென்ஷனைப் பற்றிப் பேசினோம். காபி தீர்ந்தது. மாப்பிள்ளையின் அப்பா, "தேதி பாத்தீங்களா?" என்று கேட்டார். மனப்பாடம் செய்ததெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. "எங்க நைனா எலும்பு கெடங்குல மூட்ட தூக்குனாரு. கொருக்குப்பேட்டைல. சாவுற வரைக்கும். அத சொல்லிட்டுத்தான் தேதி வக்கணும்னு பொண்ணு சொல்லுது" என்றேன். என் வாயிலிருந்து அந்தச் சொல் வெளியே வந்து எத்தனையோ வருஷம் ஆயிற்று. டபராவைக் கீழே வைத்தேன்.

அவர் எழுந்து மின்விசிறியின் வேகத்தைக் குறைத்தார், திரும்ப வந்து உட்கார்ந்தார். அந்த அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அன்னிக்கி காலேஜ்னீங்களே அண்ணே" என்றார்கள். ஆமாம் என்றேன். "எனக்கு அன்னிலேர்ந்து ஒரு மாதிரியாவே இருந்துச்சு. பொண்ணு ஒங்கள பாத்துச்சு, நீங்க சொவத்த பாத்தீங்க. இன்னாவோ மறைக்கிறாங்கன்னு இவருகிட்ட சொல்லிகினே இருந்தேன்" என்றார்கள். நான் எழுந்தேன். அவர்களும் எழுந்தார்கள். இருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. எல்லாம் முடிந்தது, நீ ஆசைப்பட்ட பையனை நானே போய்க் கெடுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டே படியில் இறங்கினேன். உன்மேல் வந்த ஆத்திரத்தை எழுதினால் இந்தத் தாள் தாங்காது.

பாதிப் படியில் இருக்கும்போது அந்த அம்மாள் மேலேயிருந்து கூப்பிட்டார்கள். "அண்ணே! பாப்பா வரும்போது அந்த ஊசிய எடுத்துகினு வரச் சொல்லுங்க. அது தச்சது இன்னும் அறுவல. இன்னோரு ஜோடி கீது, அதுவும் வாரு போயிகீது."

இதற்கு என்ன அர்த்தம் என்று வீட்டுக்கு வந்து உன் அம்மாவைக் கேட்டேன். சரி என்று சொன்னார்களா, இல்லை என்று சொன்னார்களா? அவள் தலையில் அடித்துக்கொண்டு, "அய்ய, இதுகூடப் புரியாம நீ இன்னா ஹார்பர்ல கணக்கு எழுதுன? தைமாசத்துல நாள் பாரு" என்றாள். இன்று காலையில் அந்த ரயில்வேக்காரரே போன் செய்து தை மாதம்தான் தோது என்று சொல்லிவிட்டார். ஆகவே ரயிலேறு. நான் சொல்லிவிட்டேன். உன் வாயிலிருந்து இனிமேல் ஒரு நிபந்தனையும் வரக் கூடாது.

நான் சொல்வதையும் கொஞ்சம் கேள். போகிற இடத்தில் முதல் வேலையாக மாடியில் காக்காய் வருகிறதா என்று பார். துவைக்கிற கல் யாருடையது என்று கேட்டுக்கொள். மாமியார் செருப்பைத் தைத்துக்கொடு, வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் தெருவில் இருக்கிறவர்களெல்லாம் கொண்டுவந்து கொடுத்தால் அதையும் ஆராய்ச்சி என்று சொல்லி உட்கார்ந்துவிடாதே. மனதில் ஒன்று உறுத்தினால் புருஷனிடம் அன்றைக்கே சொல்லிவிடு, என்னைப் போல ஆயுசுக்கும் துடைத்துக்கொண்டு திரியாதே. இட்லி குண்டானைத் தொடாதே. உனக்கென்று தனியாக ஓர் அலுமினியக் குண்டான் வாங்கி மாடியில் வைத்திருக்கிறேன், மூடியின்மேல் கல் வைத்திருக்கிறேன்.

போனில் இன்னொன்று சொன்னாயே, வரும்போது பச்சை எலும்பு தயாராக இருக்க வேண்டும், போன தடவை கடைக்காரர் பழசைத் தலையில் கட்டிவிட்டார் என்று. நேற்று கல்மண்டபத்திலிருந்து நேராக வீட்டுக்கு வராமல் புளியந்தோப்பு மாட்டுக்கறிக் கடைக்குப் போனேன். கால் எலும்பாக, முழுசாக, அன்று வெட்டியதாகப் பார்த்து வாங்கினேன். இப்போது அது பக்கத்து வீட்டு அம்மாளின் ஃபிரிட்ஜில் இருக்கிறது, எலும்பு என்று சொல்லிவிட்டுத்தான் வைத்தேன், முணுமுணுத்துக்கொண்டே இடம் கொடுத்தாள். கடையிலிருந்து அதைப் பேப்பரில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டுதான் பஸ் ஏறினேன். சுற்றியது போதவில்லை, ரத்தம் கசிந்தது. கண்டக்டர் சின்னப் பையன். டிக்கெட் கொடுத்துவிட்டு மூக்கைச் சுளித்துக்கொண்டு, "இன்னா பெர்சு, பைல இன்னா?" என்றான்.

"எலும்பு" என்றேன். வண்டி முழுவதும் கேட்கிறமாதிரித்தான் சொன்னேன்.

அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். இறங்கு என்று சொல்வான், சண்டை போடலாம் என்று காத்திருந்தேன். அவன் அடுத்த டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டு முன்னால் போய்விட்டான். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்தான் எழுந்து வேறு இடத்துக்குப் போனார். காலியான அந்த இடத்தில் பையை வைத்தேன். திருவொற்றியூர் வரைக்கும் அது உட்கார்ந்துதான் வந்தது.

உன் நைனா